தேரிப் படத்தில் எனக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. பெற்று வளர்த்தது ஏழு. ஏழும் சுகமாக இருக்கிறது, நானும் சுகமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடுவில் கொஞ்ச காலம் என்னைச் செத்தவளாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில். தேரி என்றால் செம்மணல், கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். இப்போது நான் இருக்கிற திருவனந்தபுரத்தில் இதைச் சொன்னால், "தமிழ்நாட்டில் மருபூமியோ?" என்று சிரிப்பார்கள். மருபூமி என்றால் இவர்கள் பேச்சில் பாலைவனம். சுவரில்கூடப் பாசி பிடிக்கிற ஊர் இது. ஆடிக் காற்றில் ஒரு மணல்மேடே நடந்து வந்து வாசலில் உட்காரும் என்றால் யார் நம்புவார்கள்?

நம்புகிற ஒருத்தி தொண்ணூறுகளின் கடைசியில் வந்தாள். காலேஜ் டீச்சர், மலையாளத்துக்காரி, தோளில் டேப் ரெக்கார்டர். தேரியிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களிடம் பழைய படங்களை வாங்கி, கதைகளையும் பிடித்து, காலேஜ் ஹாலில் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். இதே ஊரில் கரமனையில் இருக்கும் என் நாத்தனார்தான் அவளை அனுப்பியிருந்தாள். நாத்தனார் வீட்டுப் படமும் டீச்சர் கையில் இருந்தது.

டீச்சர் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு முகத்தில் விரலை வைத்தாள்.

"இது அம்மா தானே?"

"அது என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. அவ போய்ச் சேந்தாச்சு. இந்தா, இதுதான் நான்."

டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "அய்யோ அம்மே, இவரு மரிச்சு போயில்லே?"

நான் காட்டின முகத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு இருந்தது. எங்களில் யாராவது இறந்தால் படத்தில் நெற்றிக்குப் பொட்டு வைப்போம். நாத்தனார் வீட்டில் சட்டத்துக் கண்ணாடி உடைந்துபோனதால் அவள் படத்தின் மேலேயே வைத்துவந்தாள். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் சரியாகத்தான் வைத்திருந்தாள். ஓரகத்திக்கு வைக்க வேண்டியதை, அந்நேரம் கண்ணில் புரை இருந்ததால், பக்கத்தில் நின்ற எனக்கு வைத்துவிட்டாள். "பொட்டு இல்லாதவதான் உயிரோட இருக்கிற பெரிய மைனி. கூரையப் பிச்சவ அவதான்" என்று டீச்சரிடம் சொல்லியும் அனுப்பிவிட்டாள். மைனி என்றால் அண்ணி, பெரிய மைனி நான்தான்.

செத்தவளாக்கினதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூரையைப் பிய்த்த பேர் ஓரகத்திக்குப் போவதை எப்படிப் பொறுப்பது?

அந்தக் கதை இதுதான். ஒரு ஆடி மாதம், நாங்கள் எல்லோரும் பனங்காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தோம். மாமியார் மட்டும் வீட்டில் படுத்திருந்தாள். காற்று அடித்த அடியில், திரும்பி வந்து பார்த்தால் வாசலைக் காணோம். மணல் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. ஆண்கள் மண்வெட்டி தேட ஓடினார்கள். ஓரகத்தி ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் காலால் தடவிக் கூரையின் முகட்டைக் கண்டுபிடித்து, ஓலையைப் பிய்த்து, மாமியார் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். தலை வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "புது ஓலையப் பிச்சிட்டியே, மூதேவி!"

இரண்டு நாள் கழித்து மண் பார்க்க வந்த ஆபீசர் ஒருவர் எங்களைக் கூரையோரம் நிறுத்திப் படம் எடுத்தார். நான் பிய்த்த ஓலையைக் கையில் பிடித்திருக்கிறேன். ஓரகத்தி அப்போதும் ஆட்டைத்தான் பிடித்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அவர் அனுப்பின படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சினது நாத்தனாருடையதுதான்.

டீச்சரைக் கூட்டிக்கொண்டு அப்போதே கரமனைக்கு பஸ் ஏறினேன்.

"ஏளா, என்னைய எப்போ கொன்ன?" என்றேன்.

நாத்தனார் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அட, ஆமா மைனி. அப்போ வெள்ளிக்கிழமதோறும் ஒங்களுக்கா வெளக்கு வச்சேன்?"

"எனக்கு என்னத்தப் படச்ச?"

"ரெண்டு பழம். அமாவாசைக்குக் கருப்பட்டி."

"கருப்பட்டியா? எனக்கு முந்திரிக்கொத்துதான் பிடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"அது சின்ன மைனிக்குன்னு நெனச்சு வச்சது! சாப்பிட்டது நீங்க. அதாம் இந்த வயசுலயும் கல்லு மாதிரி இருக்கிய. எனக்கில்லா நன்றி சொல்லணும்?"

"பேச்ச மாத்தாத. பொட்ட அழி."

"வச்ச பொட்ட அழிக்கலாமா?"

"உசுரோட இருக்கவளுக்கு வைக்கலாமா?"

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. முந்தானையை எச்சிலில் நனைத்தாள். "அம்மே, தொடல்லே!" என்று டீச்சர் கத்தி முடிப்பதற்குள் அழுத்தித் துடைத்து, "இந்தா, எழுப்பி விட்டாச்சு" என்று நீட்டினாள்.

பொட்டு போயிருந்தது. பொட்டோடு என் முகமும் போயிருந்தது. கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம், கீழே ஓலை பிடித்த கை.

நான் சொன்னேன்: "செத்தவளா இருந்தப்ப மொகமாவது இருந்திச்சு."

நாத்தனார் முதலில் அழுதாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் மட்டும் அழுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

கண்காட்சியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், அதன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன். வருகிறவர்கள் வெள்ளை வட்டத்தைப் பார்த்து, "இது ஆரா?" என்பார்கள். "நான்தான்" என்று ஆரம்பித்தால் மாமியார் தலை வெளியே வருகிற வரைக்கும் ஒருவரையும் விடமாட்டேன். இந்தப் பக்கம் நாத்தனார் உட்கார்ந்து, "ஓலை அவ்வளவு புதுசு இல்ல மைனி" என்று இடையில் விழுவாள். டேப் தீர்ந்தது, எங்கள் பேச்சு தீரவில்லை.

கண்காட்சி முடிந்ததும் படம் காலேஜ் அலமாரிக்குப் போய்விட்டது. அலமாரிக்குள் நாற்காலி போட முடியாதே. "அம்மா எழுதித் தரணும், படத்தோட வைக்கலாம்" என்று டீச்சர் அப்போதே கேட்டாள். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் இத்தனை காலம் ஆகிவிட்டது.

ஏட்டி பேத்தி, அந்த டிவிய அணைச்சிட்டு இங்க வா. இத மெதுவா வாசி. கூரையப் பிச்சது நான்னு தெளிவா வந்திருக்கான்னு பாரு.