மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டான்

இதுவரை ஏழெட்டு ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். வாடகைக்கு அறை பார்க்கப் போனால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் பின்பக்கம் போய், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பேன். மட்டாஞ்சேரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

அங்கே ஒரு அரிசிக் குடோனுக்குப் பின்னால் எங்கள் ஒற்றை அறை. அதற்கும் பின்னால் ஒரு வாய்க்கால். குடோன்காரர் மதில் எழுப்பியபோது மிஞ்சிய கல்லும் கான்கிரீட்டும் அதற்குள் சரிந்து, தண்ணீர் நின்றுபோயிற்று. கறுத்து நுரைத்துக் கிடக்கும். மழை பெய்தால் அடுப்பு வரை வரும். என் தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. மாதத்தில் பாதி நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா என்னை நான்காம் வகுப்போடு நிறுத்தினாள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

தட்டான்தான் காரணம். கான்கிரீட் கட்டியிலிருந்து துருத்திய ஒரு கம்பியின் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான் தினமும் வந்து உட்காரும். விரட்டினால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அதே நுனிக்குத் திரும்பும். எங்களோடு இருந்த மாமாவுக்கு ஹோட்டலில் இரவு வேலை; பகலெல்லாம் வாயைத் திறந்தபடி தூங்குவார். அவர் தலைமாட்டில் இருக்கும் போனை எடுத்துக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்தபடியே கம்பிக்கு எதிரே காத்திருப்பேன். படத்தில் தட்டானோடு பிளாஸ்டிக் கவரும் செத்த எலியும் சேர்ந்து விழும். ஒருநாள், படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் ஓரம் வெட்டுப்படும் என்று கண்டுபிடித்தேன். கீழே இருந்த ஒரு கோட்டில் புள்ளியைத் தள்ளினால் கறுப்புத் தண்ணீர் வயல் மாதிரி பச்சையாகிவிடும். எலி போய்விடும், நுரை போய்விடும். தட்டானின் சிறகு மட்டும் நரம்பு நரம்பாகத் தெரியும். யாரும் சொல்லித்தராமல் நான் கற்ற ஒரே வித்தை அது.

அம்மாவுக்கு சுக்கு குடோனில் புடைக்கிற வேலை. வாய்க்காலைப் பற்றி கார்ப்பரேஷன் ஆபீஸில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். கடைசி முறை, போட்டோ கொண்டுவா என்றார்கள். மாமா எழுந்து, அரைக்கண்ணோடு பின்வாசலில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நான் பார்த்தேன். அசிங்கமாக இருந்தன. இதையா அம்மா ஆபீஸில் காட்டப் போகிறாள் என்று வெட்கமாகப் போயிற்று. நல்லவேளை, இரண்டில் தட்டான் இருந்தது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நாலையும் சரிசெய்தேன். பழைய படம் அதோடு அழிந்துபோகும் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன்.

மாமா வேலைக்குப் போகிற வழியில் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்தார். அவர் அப்போதெல்லாம் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. கையில் ஒட்டிய சுக்குத்தூள் படத்தில் படக்கூடாது என்று அம்மாவும் கவரைப் பிரிக்கவில்லை.

அரைநாள் லீவு போட்டு அம்மா கிளம்பினாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆபீஸில் கண்ணாடி போட்ட சேட்டன் ஒருவர் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரருக்கும் காட்டினார். பிறகு எங்களுக்காக மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"படம் அடிபொளி. இது எந்த ஸ்தலம் சேச்சி?"

எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் என்றாள் அம்மா.

"இந்தத் தும்பி வரணும்னா நல்ல தண்ணி வேணுமே. இப்படி ஒரு இடத்துல இருந்துட்டு எதுக்கு பராதி, புகார்னு எழுதிக் குடுக்கறீங்க?"

அம்மா அப்போதுதான் படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, தன் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகு அம்மா கேட்டாள்.

"அந்தக் குப்பையெல்லாம் எங்கடி?"

"வெட்டிட்டேம்மா. நல்லா இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். தம்பியை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் உடம்பு சுட்டது. வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு நடந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன், மாமாவின் தலைமாட்டிலிருந்த போனை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். முழங்கால் வரை கறுப்பு. பிளாஸ்டிக் கவர்களுக்கு நடுவில், அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எடு. என்னை வெட்டாம எடு."

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்து கல்லை அள்ளினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் தம்பி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, நாங்கள் பள்ளுருத்திக்கு மாறியிருந்தோம்.

அன்று காலை, அவள் நின்றதால் தட்டான் கம்பிக்கு வரவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன், அவள் நகரவில்லை. முகத்தை ஏன் அப்படி வைத்திருக்கிறாள், எந்தப் புள்ளியைத் தள்ளினால் அது சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் போட்டோ எடுக்கும்போது எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"சிரிம்மா."