மெல்லப் பேசிய மனிதர்

வெள்ளை அம்பாசடர் கார் ஒன்று எங்கள் விடுதி வாசலில் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இறங்கி வந்தவர் செருப்பைப் படியோரம் கழற்றிப் போட்டார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஆரஞ்சுப் பழப் பை. குடத்தோடு நின்ற சமையல்கார அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, “நான் டீச்சரோட வீட்டுக்காரர்மா” என்றார். அப்படி ஒரு மென்மையான குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வண்ணார்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தங்கியிருந்தது பாளையங்கோட்டையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு சிறிய விடுதியில். அதை நடத்தியது ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்த கமிட்டி. ஆண்டது வார்டன் அக்கா. அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அண்ணன் என்று யாராவது வந்து நின்றால் ஏற இறங்கப் பார்ப்பார். பழம், பூ என்று வாங்கி வருகிறவர்களை இன்னும் கூர்ந்து பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் அவரை ‘போலீஸ்’ என்றுதான் சொல்வோம்.

டீச்சர் வந்து சேர்ந்து மாதம் ஒன்று ஆகியிருக்கும். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்ததாகச் சொல்லியிருந்தார். எதற்கும் அனுமதி கேட்பார். “குளிக்கட்டுமா?” “ஜன்னலைச் சாத்தட்டுமா?” இன்னொரு தோசை எடுப்பதற்குக்கூடப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் அதை நல்ல வளர்ப்பு என்று நினைத்தோம். வார்டன் அக்கா மட்டும் ஒருநாள் என்னிடம், “இது வளர்ப்பு இல்லட்டி. யாரோ பயங்காட்டிப் பழக்கியிருக்காவ” என்றார். ஆனாலும் டீச்சரிடம் அவர் எதுவும் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. நாங்கள் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினாலே டீச்சரின் முகம் வெளுத்துவிடும். சொந்தக்காரர்களிடம் அவர் முறையிட்ட ஒவ்வொரு தடவையும் அந்த முறையீடு கணவர் காதுக்குத்தான் போயிருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று அந்த மனிதருடன் டீச்சரின் அண்ணனும் வந்திருந்தார். தலை குனிந்தே இருந்தார். “அத்தைக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. மகளைப் பாக்கணும்னு ஒரே அழுகை” என்று கணவர் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வந்தது. எங்களுக்கும் வந்தது. மாடிப்படியில் நின்றிருந்த டீச்சர் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓடிப்போய் அவருடைய பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

வார்டன் அக்கா மட்டும் அசையவில்லை. “அண்ணாச்சி களைச்சுப்போயி இருக்கியளே, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிங்க” என்று டீச்சரின் அண்ணனை மட்டும் சமையலறைக்குள் அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். டம்ளரை நீட்டியபடி, “வீட்டுல அம்மாவை யாரு பாத்துக்கிடுதா?” என்று கேட்டார்.

“எம் பொண்டாட்டிதான் பாக்குதா. கட்டிலை விட்டு எந்திரிக்கவே முடியல” என்றார் அண்ணன்.

அக்கா கூடத்துக்குத் திரும்பி வந்தார். “நீங்க ஆஸ்பத்திரிங்கிய. உங்க மச்சான், அம்மா வீட்டுல கெடக்காவன்னு சொல்லுதாரு. எதை நம்ப?”

அந்த மனிதர் சிரித்தார். “பதட்டத்துல சொல்லியிருப்பான். நேரமாவுது, அனுப்பிவைங்க.”

“அனுப்புதேன். நானும் கூட வாரேன்.”

“காருல இடமில்ல.”

“அப்போ நாங்க ஆட்டோவுல வாறோம். நீங்க முன்னால போங்க.”

அவ்வளவுதான். அந்த மென்மையான குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “எம் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறதுக்கு நீ யாருட்டி?” என்று அவர் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

டீச்சர் எழுந்தார். அந்தக் குரல்தான் அவருக்குத் தெரிந்த குரல் போலும். அதைக் கேட்டதும் குழப்பம் தீர்ந்துவிட்டது. வாசலில் கூடியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “நான் வரமாட்டேன். கதவைப் பூட்டிட்டு அடிப்பாரு. சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு சாமிப் பாட்டை உரக்க வைப்பாரு. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் இவரைப் பக்திமான்னு சொல்லுவாவ.”

கார் போய்விட்டது. அவர் விட்டுப்போன பழப் பையை அக்கா தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

மறுநாள் பிற்பகல் ஒரு வயதான அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டே விடுதிக்கு வந்தார். டீச்சரின் அம்மா. சேதி யார் மூலமாகவோ காதுக்கு எட்டியிருந்தது. “எனக்கு என்ன கேடு? நேத்துகூட வயக்காட்டுக்குப் போயிட்டு வந்தேன்” என்றார். அப்போதும் அக்கா அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, டீச்சர் இறங்கி வந்து “அம்மா” என்று கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. வாசலில் கூட்டம் கூடியது விடுதியின் பேரைக் கெடுத்துவிட்டதாம். டீச்சர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குடும்ப விஷயத்தில் தலையிட்டதற்கு அக்கா விளக்கம் தர வேண்டுமாம். அதுவரை மகளோடு தங்கியிருந்த டீச்சரின் அம்மா, யாரும் அழைக்காமலேயே கூட்டத்துக்குள் போனார். “உசுரோட இருக்கிற என்னைச் சாகக் கெடக்கேன்னு சொல்லி எம் மவளை இழுத்துட்டுப் போகப் பாத்தானுவ. பெத்த மவனும் அதுக்குத் தலையாட்டியிருக்கான். அதைக் கேக்க உங்கள்ல ஒருத்தருக்கும் வாய் இல்ல. தடுத்தவகிட்டயா விளக்கம் கேக்கிய?” டீச்சரைப் போகச் சொல்லும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

டீச்சர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். புகாருக்கான ரசீது கைக்கு வரும்வரை அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது, விவாகரத்து கிடைத்தது. அடித்ததற்குத் தண்டனை கிடைக்கவில்லை. அம்மா மகன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கடைசிவரை மகளோடுதான் இருந்தார்.

டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வண்ணார்பேட்டையில் சொந்த வீடு. வீட்டை விட்டு வந்துவிட்ட பெண்கள் யாராவது எப்போதும் அவருடைய மாடி அறையில் தங்கியிருப்பார்கள். போன மாதம் போயிருந்தபோது ஒரு சின்னப் பெண் இருந்தாள். பேர் என்னவென்று கேட்டேன். அவள் டீச்சரைப் பார்த்தாளே தவிர, வாய் திறக்கவில்லை.

“நீ தப்பா எடுத்துக்காத. யாரையும் நம்ப வேண்டாம்னு நாந்தான் சொல்லியிருக்கேன். பையப் பைய நம்பட்டும்” என்றார் டீச்சர்.

வாசலை மறித்துக் கிடந்த என் நாற்காலியை, அவளுக்கு வழி இருக்கட்டும் என்று சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.