பிராக் நகரத்துக்கு ஓர் ஒத்திகை

போன வருடம் செப்டம்பர் மாதம், நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருக்கும் டவுன்ஹவுஸ் வளாகத்தில் நடந்தது இது. 'நாங்கள்' என்பது பழக்க தோஷம். அந்த வீட்டில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன், இப்போதும் அப்படித்தான். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி கலிஃபோர்னியாவுக்குப் போனாள். அங்கே டப்ளின் என்கிற ஊரில் மகள் வீடு. அந்த மூன்று மாதம் ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. குழந்தைக்கு டேகேரில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதும், எழுதியபடி செய்கிறார்களா என்று மேற்பார்வையிடுவதும் என் பிழைப்பு. கை கழுவுவதற்குக்கூட நான் எழுதிய நடைமுறை ஒன்று உண்டு. வளாகத்தில் கிரீன் கார்டு, பாஸ்போர்ட், மெடிகேர் என்று எதில் சந்தேகம் வந்தாலும் முன்பெல்லாம் என்னிடம் வருவார்கள். இப்போது போனிடமே கேட்டுக்கொள்கிறார்கள். அது தப்பாகச் சொன்னாலும் பணிவாகச் சொல்கிறது. எனக்கு அந்தப் பணிவு வராது.

எங்களைப் போன்றவர்களுக்கு ஐரோப்பா என்றால் டிரான்சிட். சென்னைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏதோ ஒரு விமான நிலையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபிக்கு வரிசையில் நின்று, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் மழையைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவோம். முப்பது வருடம் இப்படிப் போய் வந்தும், அந்தக் கண்டத்தில் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்றதும் ஒரே ஒரு பழைய நகரம், அவசரமில்லாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். பிராக் என்று முடிவானது. சின்ன ஊர், நடந்தே பார்த்துவிடலாம் என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அவள் வர முடியாது என்று தெளிவானதும் நான் தனியாகப் போவது என்று தீர்மானித்தேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்பா, ஹவ் வில் யூ மேனேஜ்? சிக்ஸ்டி எய்ட் ஆகுது உங்களுக்கு. பேசாம வீட்டை சேல் பண்ணிட்டு இங்க வந்துடுங்க."

அவள் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்த வீட்டை விற்பதில்தான் வந்து நிற்கும். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டின் மாடி அறையில் ஒரு கட்டிலும், காலை எட்டு மணிக்குப் பேத்தியைப் பள்ளியில் விடும் உத்தியோகமும் எனக்காகக் காத்திருந்தன. இந்தப் பயணத்தை ஒழுங்காகப் போய் முடித்துவிட்டால், தனியாக இருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிவிடலாம். நடுவில் எங்காவது தடுக்கினால் அடுத்த மாதமே வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டுவிடுவாள்.

நிதானமான பயணம் என்றுதானே பேச்சு? அதனால் நிதானத்தையும் முறைப்படி திட்டமிட்டேன். போய் இறங்கும் நாளில் சதுக்கத்தைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். மறுநாள் கூட்டம் சேர்வதற்கு முன்னால் பழைய கல் பாலம். கோட்டைக்கு டிராமில் மேலே போய், நடந்து கீழே இறங்குவது. சும்மா இருப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கினேன். அதிலும் காலை சும்மா, மாலை சும்மா என்று இரண்டு பகுதி. எல்லாம் தயார். டிக்கெட் மட்டும் போடவில்லை. ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பயணிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று போடுவேன். பிறகு ஏதாவது சரிபார்க்க வேண்டியிருப்பது ஞாபகத்துக்கு வரும். எழுந்துவிடுவேன்.

அப்படிச் சரிபார்க்க வேண்டியவற்றில் ஒன்றுதான் பெட்டி. அந்த ஊரின் பழைய பகுதியில் வீதி முழுக்கக் கல் பாவியிருக்கும், டாக்ஸி உள்ளே வராது, நான் பார்த்து வைத்த விடுதியில் லிஃப்ட் கிடையாது. புதுப் பெட்டியை நேராக அங்கே கொண்டுபோய் இறக்குவது நான் வளர்ந்த முறையில் இல்லை. எந்தக் கருவியையும் நிஜமான எடையோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். எனவே பெட்டிக்குள் ஒரு மூட்டை பொன்னி அரிசியைப் படுக்க வைத்து, காலை வேளைகளில் வளாகத்துக்குள் இழுத்து நடந்தேன். கிளப்ஹவுஸைச் சுற்றிச் செங்கல் பாவிய பாதை இருக்கிறது. அதில் இரண்டு சுற்று. பிறகு அதன் வாசல் படிகளில் ஏற்றி இறக்குவேன்.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் தாய்மார்கள், காரில் வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள். சிலர் கை அசைத்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்காவில் இதற்குப் பெயர் மரியாதை. நானும் வந்த நாளிலிருந்து அதை மெச்சி வந்தவன்தான்.

அன்று காலை கிளப்ஹவுஸ் பக்கம் திரும்பும்போது ஒரு சக்கரம் செங்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. "வந்து தொலையேன், சனியனே!" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

பின்னால் ஒரு கார் நின்றது. மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். இரவு வேலை முடித்து வருகிற முகம்.

"அங்கிள், நீங்கள் தமிழோ?"

பேச்சிலேயே இலங்கைத் தமிழர் என்று தெரிந்தது. ஆமாம் என்றேன்.

"ரெண்டு மூண்டு நாளா உங்களப் பாத்துக்கொண்டுதான் போறன். எங்க அங்கிள் வெளிக்கிட்டனீங்கள்?"

"எங்கேயும் இல்லம்மா. சும்மா நடக்கறேன்."

"பெட்டியோடயோ?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். "வாங்கோ, வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு கதைப்பம். நாங்கள் ஒண்டும் கேக்க மாட்டம், பயப்பிடாதேங்கோ."

ஒன்றும் கேட்க மாட்டோம் என்று சொன்னபோதுதான் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு உறைத்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட கிழவன்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் அதற்குள் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் அரிசி அவரிடம் இருந்தது, நானும் ஏறிக்கொண்டேன்.

எங்கள் வளாகத்திலேயே கடைசித் தெருவில் அவர் வீடு. எத்தனையோ வருடமாக அங்கே இருக்கிறார்களாம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் கீழ வாங்கோ!" என்று அவர் குரல் கொடுத்ததும் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். காதில் ஹெட்ஃபோன், ஆபீஸ் மீட்டிங் போல. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இருந்த விருந்தினர் அறைக்கு நடந்தார். இரண்டடி போனதும் நின்றுவிட்டார்.

"என்ன பாரம்! உள்ளுக்கு என்ன அங்கிள்?"

"அரிசி."

"அரிசியோ?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், அரிசியும் எடுத்துக்கொண்டெல்லோ வெளிக்கிட்டிருக்கிறார்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். நான் பிராக் போகப் போகிறேன். தனியாக. மனைவி கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். இது பெட்டிக்கான சோதனை ஓட்டம். அரிசி என்பது துணிமணிகளின் எடைக்குப் பதிலாக. சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, புத்தி கலங்கிய ஒருவர் சொல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்தப் பெண் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "டிக்கெட் எடுத்திட்டீங்களோ அங்கிள்?"

"இன்னும் இல்ல."

"சரி, சரி. இண்டைக்கு என்ன கிழமை?"

புரிந்துவிட்டது. அவர் நர்ஸ். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகளை அதற்குரிய வரிசையில் ஆரம்பித்திருந்தார். கிழமை, மாதம், வருடம், மாநிலம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்து நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள் என்று சுட்டிக்காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்கட மகளின்ர நம்பரைத் தாங்கோ, ஒருக்காக் கதைக்கிறன்."

"அவளுக்கு மட்டும் சொல்லாதீங்கம்மா!"

அவசரத்தில் வந்துவிட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இதைவிட உறுதியான சாட்சி அவருக்கு வேறு என்ன வேண்டும்?

எழுந்து உள்ளே போனவர், தேநீரும் தட்டில் சூடான இடியாப்பமும் சொதியும் கொண்டு வந்து வைத்தார். பிறகு தயங்கியபடி தன் போனைக் காட்டினார். வளாகத்து வாட்ஸப் குழுவில் என் முதுகின் படம். இந்த அங்கிள் யார் என்று தெரியுமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகிறாராயிருக்கும் என்று ஒருவர். கட்டைவிரல் படங்கள் நாலைந்து. அத்தோடு பேச்சு குப்பை வண்டி வரும் நாளுக்கு மாறிவிட்டது.

"எனக்கு அப்பிடி விட ஏலாது, அங்கிள்" என்றார். "நாங்கள் ஒரு காலத்தில பெட்டியோட ரோட்டில நடந்த ஆக்கள். என்ர அப்பாவும் இப்பிடித்தான், கேட்டா, சும்மா நடக்கிறன் எண்டுதான் சொல்லுவார்."

நான் இடியாப்பத்தைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களாக இன்னொருவர் சமைத்த காலை உணவை நான் சாப்பிட்டதில்லை. மகள் நம்பருக்குப் பதில் மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஆனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அவள் எழுந்துதான் இருப்பாள்.

வீடியோவில் முதலில் குழந்தையின் உச்சந்தலை தெரிந்தது. பிறகு மனைவி. அந்தப் பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பக்குவமாக விஷயத்தைச் சொன்னார். மனைவி கடைசி வரை கேட்டுவிட்டு, "அவர் சொல்றது அத்தனையும் நெஜம்தாம்மா" என்றாள். "அவர் அப்படித்தான். எங்க கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையை எப்படி மாத்தறதுன்னு எங்கண்ணனை நிக்க வெச்சு ட்ரையல் பாத்தவரு."

அப்போதுதான் அந்த வீட்டில் சிரிப்பு வந்தது. கணவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"போனை அவர்கிட்ட குடும்மா."

நான் வாங்கிக்கொண்டேன். மனைவி சிரிக்கவில்லை.

"தெனமும் கேக்கறேன், காலைல என்ன பண்ணீங்கன்னு. வாக்கிங்னுதானே சொன்னீங்க?"

"வாக்கிங்தான்."

"அரிசி மூட்டையோடயா?"

இடியாப்பத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"டிக்கெட் போட்டாச்சுன்னு நெனச்சேன்."

"போடணும்."

"ஏன் போடல?"

முப்பது வருடம் எல்லோரிடமும் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டுக் காரணம் வாங்கியவன் நான். ஒன்று என்ற எண்ணைப் போட்டு அடுத்த பக்கம் போக முடியவில்லை என்று அடுத்தவர் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னிக்கே போடுங்க. இதுக்கு நான் வரவேண்டாம், நம்ம மக சரின்னு சொல்லவும் வேண்டாம். அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணுகிட்ட உங்க நம்பரைக் குடுத்துட்டு வாங்க, போதும்."

அக்டோபரில் போய் வந்தேன். பெட்டி முதல் சந்திலேயே ஒரு சக்கரத்தை இழந்தது. அந்த ஊர்க் கல்லுக்கு எங்கள் செங்கல் ஈடில்லை. சதுக்கம், பாலம், கோட்டை எல்லாம் திட்டப்படி நடந்தன. பாலத்தில் விடிகாலையில் பனி மூட்டத்துக்குள் சிலைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அழகுதான். பக்கத்தில் திரும்பி, பார்த்தாயா என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அழகு எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சும்மா இருக்க ஒதுக்கிய நாளில் ஆற்றங்கரை பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மாலைப் பகுதியை ரத்து செய்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் இரண்டு செய்திகள் அனுப்பினேன். ஒன்று மனைவிக்கு, படங்களோடு. இன்னொன்று கடைசித் தெருவுக்கு. "கோட்டை பார்த்தாயிற்று" என்று நான் எழுதினால் அங்கிருந்து ஒரே கேள்விதான் திரும்பி வரும்: "சாப்பிட்டீங்களோ?"

மகள் ஒப்புக்கொண்டாள். "யூ டிட் இட், அப்பா" என்றாள். வீட்டை விற்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பரிசாகக் கிடைத்தது அதே காலி வீடு. மனைவி வசந்தத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். டேகேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்.

நான் வழி தவறிய ஆள் இல்லை என்று அன்று காலை அவ்வளவு ஆதாரத்தோடு வாதாடினேன், அந்தப் பெண் ஒரு சொல்லையும் நம்பவில்லை. அவர் நினைத்தது முழுக்கத் தப்பு. இருந்தும், அந்த வருடம் என்னைப் பார்த்தவர்களில் என் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.