லேப் ஆளு

லேபில் எல்லோரும் அவளைக் 'கொசு' என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தியது தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாளாம். காலையில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது வேலை. அதே வேலை பார்க்கும் அண்ணன்தான் அவளை அங்கே சேர்த்துவிட்டான்.

வாத்தியார் வீட்டுக்கு முதலில் போய்க்கொண்டிருந்ததும் அண்ணன்தான். ஒருநாள் அங்கிருந்து வேறு ஆள் கேட்டார்கள். "ஊசி வலிச்சுச்சாம்" என்றான் அண்ணன். அன்றிலிருந்து அவன் சாப்பிட உட்கார்ந்தால் போதும், "கடப்பாரைக் கை" என்று வாருவாள். அவனும் தட்டைப் பார்த்தபடி சிரித்து வைப்பான்.

ரிட்டயரான வாத்தியாருக்குச் சர்க்கரை. அண்ணனுக்குப் பதிலாகக் கொசுதான் இப்போது போய்வந்தாள். அன்றைக்கு ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போது வாத்தியாரம்மா கேட்டாள்:

"ஏம்மா, நீங்கள்லாம் யாரு ஆளுங்க?"

கேள்வி கொசுவுக்குப் புரிந்தது. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"லேப் ஆளுங்கம்மா."

வாத்தியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரியான வாயாடி!"

"சொல்லாட்டி என்ன? பாத்தாலே தெரியுது, நம்மவங்கன்னு" என்று வாத்தியாரம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொசு வாங்கிக் குடித்தாள். ஆமாம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டீ குடித்தது இதில் எதில் சேரும்?

"முன்னாடி ஒருத்தன் வந்துக்கிட்டிருந்தான். கேட்டேன், பட்டுனு சொல்லிட்டான். அப்புறம் எப்படிம்மா இவரைத் தொட விடுறது? பாவம், நல்லாத்தான் எடுப்பான். வலிக்கவே இல்லன்னு இவரே சொல்லுவாரு."

டீ புரையேறியது. "யாரோ உன்னை நெனைக்கிறாங்க" என்று வாத்தியாரம்மா அவள் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தாள். மெதுவான, பாசமான கை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று கொசுவுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்தாள்.

"உன் ஊசி வலிக்கவே இல்லையாமே?"

அவன் நிமிரவில்லை. "உன்கிட்டயும் கேட்டாங்களா? என்ன சொன்ன?"

"லேப் ஆளுன்னேன்."

"அட, எனக்கு இது தோணாமப் போச்சே!" என்று சிரித்தான். மெச்சுகிறானா, குத்திக்காட்டுகிறானா?

"ஏன்டா என்கிட்ட மறைச்ச?"

"சொல்லியிருந்தா நீ அந்த வீட்டுப் படி ஏறியிருப்பியா?"

"இப்ப நான் போகணுமா, வேணாமா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன ஜோசியனா?"

சொன்னவன் வெளியே வந்துவிட்டான். சொல்லாதவள் உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறாள். சொல்லிவிட்டால் அந்த வீடு போய்விடும். சொல்லாமல் இருந்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? அதுவும் போக, அவர்கள் கேட்டால் நாம் ஏன் சொல்ல வேண்டும்? எந்தப் பக்கம் நினைத்தாலும் இடித்தது.

அடுத்த முறை போனபோது, ஊசியைப் பிரிக்கும் முன்பே சொன்னாள். தொட விடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

"அம்மா, முன்னாடி வந்துக்கிட்டிருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன்."

வாத்தியார் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டியிருந்தார். வாத்தியாரம்மா அந்தக் கையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"சீக்கிரம் எடும்மா. வெறும் வயித்துல இருக்காரு."

எடுத்தாள். பெட்டியை மூடும்போது வாத்தியாரம்மாவே சொன்னாள்: "டீ போடலாம்னு பாத்தா கேஸ் தீந்துபோச்சு."

"பரவாயில்லம்மா. அடுத்த தடவையும் நானே வரட்டுமா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் வாத்தியாரம்மா, "போன் பண்றேம்மா" என்றாள்.

எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். கோபமாகவும் சொல்லவில்லை. தெருவில் இறங்கியபோது சிலிண்டர் வண்டி கடகடவென்று எதிரே வந்தது. கொசு திரும்பிப் பார்த்தாள். வண்டி வாத்தியார் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நின்றது. வண்டிக்காரர் ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றி, எந்த கேட் என்று இரண்டு பக்கமும் பார்த்தார். அடுத்து ரத்தம் எடுக்கப் போகவேண்டிய வீட்டில் ஒருவர் பசியோடு காத்திருப்பார் என்று தெரிந்தும் கொசு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.