ஷட்டரில் எழுதி வைத்த ஏழு வார்த்தைகள்

நேற்றுக் காலை மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். டிரைவர், "ஏறும்மா" என்றான். நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். "அக்கா, கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றான். மூன்றாவதாகத் தலை நரைத்த ஒரு பூக்காரம்மா கூடையோடு வந்தார். "ஆயா, சீக்கிரம் வா, போலீஸ் நிக்கிறான்" என்றான். அந்த அம்மா ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டார். "யாருக்குடா ஆயா? ஒங்கப்பனுக்கு நான் ஆயாவா?" ஆட்டோவே சிரித்தது. "சரிக்கா, கோச்சுக்காத, ஏறு" என்று அவன் இறங்கி வந்ததும், கூடையை என் மடியில் வைத்துவிட்டு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார். இந்த ஊருக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்கிற விஷயம் இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு பாதியைப் பிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திசையன்விளைப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, என்னைப் போல ஒரு பையோடு வந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வேர் பிடித்தவர்களே! என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி எனக்குச் சொந்தமாக ஆறு பவர் பிரஸ் ஓடுகிறது. தகட்டை வெட்டி, வளைத்து, ஸ்கூட்டர் சைலன்ஸரைப் பிடித்து நிற்கிற கிளாம்ப் செய்கிறோம். நீங்கள் ரோட்டில் பார்க்கிற வண்டிகளில் எத்தனையோ வண்டிக்கு அடியில் என் கிளாம்ப்தான் இருக்கிறது. குனிந்து பாருங்கள். எம்.பி.ஏ. படித்தவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் யார் சொல்வது?

என்னிடம் பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் செல்வராணி செட்டர். பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சை மாட்டி, ஆணி முறுக்கி, உயரம் சரி பார்க்கிற வேலை அது. எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் அதை ஆண்பிள்ளைகள்தான் செய்வார்கள். செல்வராணி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பொறுக்கிப் பிரிக்கிற வேலைக்கு வந்தவர். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். டை சரியாக உட்கார்ந்ததா என்று அவர் அளந்து பார்ப்பதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்பார். முதல் அடியின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்படி ஒரு காது.

நான் எல்லாரையும் நம் ஊர் வழக்கப்படி 'ஏட்டி', 'ஏளா' என்றுதான் கூப்பிடுவேன். ஆறு பிரஸ்ஸும் அடிக்கிறபோது சாதாரணக் குரல் எங்கே கேட்கும்? கத்தித்தான் கூப்பிட வேண்டும். நம் பக்கத்தில் அக்காவின் மகளை, தங்கையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எல்லாம் நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? எனக்கு அது கையில் ஒட்டிய எண்ணெய் மாதிரி, இருப்பதே தெரியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் செல்வராணியின் மகள் வந்து வாசலில் நின்றது. முதல் வருஷம் காலேஜ். வீட்டுச் சாவியை வாங்கிப் போக வந்திருந்தது. நான் ஷட்டர் பக்கத்தில் நின்றவன், உள்ளே பார்த்து எஸ்டேட் அதிரக் கத்தினேன்: "ஏட்டி செல்வராணி! ஒம் மவ வந்து நிக்கா, பாரு!" செல்வராணி வந்தார். சாவியைக் கொடுத்தார். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் செல்வராணி வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. புது மாடல் கிளாம்புக்கு டை வந்து இறங்கிக் கிடக்கிறது. அதை மாட்டத் தெரிந்த ஒரே ஆள் ஆவடியில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

மற்றப் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்டேன். இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் இருக்கிற ரோசிதான் வாயைத் திறந்தாள். "அது பொண்ணாண்ட, 'கம்பெனில நான் செட்டர், என்ன கேட்டுத்தான் மெஷினே ஓட்டுவாங்க'ன்னு சொல்லி வெச்சிகீது சார். நீங்க 'டி' போட்டு கூப்ட்டீங்க. அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போயி, 'இதான் உன் மரியாதையாம்மா'ன்னு கேட்டுச்சாம்."

"நான் எங்க டி போட்டேன்? எங்க ஊருல அது பாசம்மா!"

"ஒங்க ஊர்ல பாசம். எங்க காதுல வுழறது டிதான் சார்."

எனக்கு வருத்தமாகவும் இருந்தது, வேகமாகவும் இருந்தது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் உடனே செய்து முடித்துவிட வேண்டும். இப்படித்தான் நான் முன்னுக்கு வந்தேன். எஸ்டேட்டில் எங்களுக்கு எதற்கெடுத்தாலும் போர்டுதான். கையுறை அணியவும் என்று ஒரு போர்டு. இங்கே எச்சில் துப்பாதே என்று ஒரு போர்டு. எழுதி வைத்தால் தப்பு நின்றுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பெயின்டரை வரவழைத்தேன். ரோட்டைப் பார்த்த ஷட்டரில், மஞ்சள் அடித்து, சிவப்பு எனாமலில், ஒரு சாண் உயர எழுத்தில் எழுதச் சொன்னேன். 'இந்த நிறுவனத்தில் பெண்களைக் கீழ்க்கண்டவாறு அழைக்கக் கூடாது.' கீழே ஏழு வார்த்தை. ஏட்டி, ஏளா, அடியே, பொட்டச்சி, பொம்பளை, ஆயா, கிழவி. மொத்த எஸ்டேட்டிலும் இப்படி ஒரு போர்டு கிடையாது என்று நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

மறுநாள் காலையில் பெண்கள் வந்தார்கள். ரோட்டில் போகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். ஒருவன் செல்ஃபி எடுத்தான். எதிர்க் கம்பெனி வாட்ச்மேன், "அண்ணாத்தே, எட்டாவது ஒண்ணு வுட்டுப்போச்சு, சொல்லட்டா?" என்றான்.

"இன்னா சார் இது அசிங்கம்?" என்று ரோசி தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பளன்னா கெட்ட வார்த்தையா? அப்போ நான் யாரு?"

பேக்கிங் செய்கிற மல்லிகா அம்மாவுக்கு வேறு கோபம். "ஆயாவ இன்னாத்துக்கு எழுதினீங்க? என் பேரன் என்ன அப்டித்தான் கூப்டறான். நாளைக்கு அவன் இங்க வந்தா ஃபைன் போடுவீங்களா?"

காசு வாங்க வந்திருந்த பெயின்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் நடுவில் நின்றேன். ஆளுக்கு ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, இது தப்பு, இது தப்பில்லை என்று பெண்களே தங்களுக்குள் சண்டை. "நீ மட்டும் என்ன காலைல 'இன்னாமே'ன்னு கூப்ட்டியே?" "நீ 'வாடி'ன்னியே!" அந்தச் சண்டைக்கு நடுவில் செல்வராணி வந்து நின்றார். யாரோ போனில் படம் அனுப்பிவிட்டிருக்கிறார்கள். ஆட்டோவில் வந்திருந்தார். கையில் ஒரு பழைய துணி.

"தின்னர் எங்க கீது சார்?" என்றார்.

"எதுக்கு?"

"அழிக்க. எனக்கு வேலையே போனாலும் பரவால்ல, என்னால இது இங்க இருக்கறத பாக்க முடியாது."

நான் விடவில்லை. எனக்கு ஒரு பதில் வேண்டும். "நீங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் 'டி' போட்டுக்கிடுதீங்க. அது தப்பில்ல. நான் சொன்னா மட்டும் எப்படித் தப்பு?"

செல்வராணி துணியில் தின்னரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "ரோசி என்ன 'வாடி'ன்னா, நான் அவள 'போடி'ம்பேன். முடிஞ்சிச்சு. நீங்க என்ன 'ஏட்டி'ன்னா, நான் ஒங்கள 'இன்னாடா'ன்னு கேக்க முடியுமா சார்?"

ஒரு பெண் 'ஐயோ' என்றாள். செல்வராணி முதல் எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எங்கம்மா ஆவடிக்கு அந்தாண்ட கழனில நாத்து நட்டுச்சு. வரப்பு மேல நின்னுகினு ஒருத்தன் 'ஏய், இன்னாடி'ன்னு கூப்டுவான். எங்கம்மா குனிஞ்சிகினே 'சாமி'ம்பா. நான் பிரஸ்ல வந்து ஒக்காந்ததே, எம்பொண்ணு அந்த மாதிரி ஒரு சத்தத்த கேக்கக் கூடாதுன்னுதான். புதங்கெழம கேட்டுட்டா."

இதை எழுதுகிறபோதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனி முதலாளி ஒன்பது வருஷம் என்னை 'டேய் திருநெல்வேலி' என்றுதான் கூப்பிட்டார். பெயர் சொன்னதே கிடையாது. நல்ல மனுஷன், தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார். நான் தனியாக ஒரு பிரஸ் போட்ட அன்றைக்குத் தகடு கடைக்காரர் 'வாங்க' என்றார். அந்த ஒரு 'வாங்க'வுக்காக வெளியே வந்து ரோட்டில் நின்று கண்ணைத் துடைத்தவன் நான். அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இது பன்னிரண்டு வருஷம் தெரியாமல் போயிற்றே! படிக்காதவன்தான். ஆனால் படித்தவனுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வார்த்தை கெட்டது என்று அகராதியில் தேடாதீர்கள். அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்ல எதிரே நிற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வாயை மூடுங்கள்.

நானும் ஒரு துணியை எடுத்து அவரோடு சேர்ந்து தேய்த்தேன். எனாமல் லேசில் போகுமா? மஞ்சளும் சிவப்பும் கலந்து ஷட்டர் முழுக்கச் சந்தனம் பூசின மாதிரி ஆகிவிட்டது. "அப்போ நான் உங்கள என்னன்னுதான் கூப்பிட?" என்று கேட்டேன்.

"எங்கப்பா பேரு வெச்சிகீறாரு சார். கூட ஒரு 'வாங்க'. அது போதும்."

"மேடம்?"

"அது கிண்டல்."

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். கெஞ்சவில்லை. செட்டர் டை உயரம் சொல்கிற மாதிரி நேராகச் சொன்னார். "வர்ற சனிக்கெழம எம்பொண்ணு வருவா. அன்னிக்கி கூப்ட்ட மாதிரியே சத்தமா கூப்டணும்."

சனிக்கிழமை அந்தப் பெண் வாசலில் வந்து நின்றது. ஆறு பிரஸ்ஸும் அடித்துக்கொண்டிருந்தன. நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, என் நாற்பத்திரண்டு வருஷக் குரலையும் சேர்த்துக் கத்தினேன்: "செல்வராணி! வாங்க! உங்க மக வந்திருக்காங்க!" எதிர்க் கம்பெனிக்கே கேட்டது. அந்த வாட்ச்மேன் எழுந்து நின்றான். செல்வராணி எண்ணெய்க் கையோடு மெதுவாக நடந்து வந்தார். அவசரமே காட்டவில்லை. அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததே, அதைப் பார்த்தபோது ஏழாவது பிரஸ் வாங்கின மாதிரி இருந்தது எனக்கு!

அன்று முதல் வீட்டிலும் ரோட்டிலும் கடையிலும் எனக்கு 'வாங்க போங்க'தான். நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் புது டை மாட்டுகிற இடத்தில் நின்றிருந்தேன். ஊரில் இருந்து என் தங்கை கனகம் போன் செய்தாள். "சொல்லுங்கம்மா கனகம், நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் உடைந்து வந்தது. "எண்ணே, ஒனக்கு எம்மேல என்ன கோவம்? யாரோ அசலூர்க்காரிகிட்ட பேசுத மாதிரி பேசுதியே. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

நான் பின்வாசல் வழியாக ஸ்கிராப் குவியலுக்குப் பின்னால் போனேன். பக்கத்துக் கம்பெனியில் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "ஏளா கனகம், கோவமெல்லாம் ஒண்ணுமில்லளா" என்றேன். அவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள்.

அந்தச் சத்தத்தையும் தாண்டி உள்ளேயிருந்து செல்வராணியின் குரல் கேட்டது. "சார், டை ரெடி, வாங்க!"

கனகத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று போனை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, "இதோ வர்றேங்க" என்றேன்.