நீல விளிம்புக் குவளை

எட்டு வயதில் நான் படத்தில் நடித்தவள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் என்ன படம், யார் கதாநாயகன் என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறார்கள். கதாநாயகன் கிடையாது, பாட்டு கிடையாது, மொத்தமே பதினைந்து நிமிஷப் படம். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கப் படக்காரர்கள் வேனில் திரையையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு திடல் திடலாகப் போய், கொசு எப்படிப் பெருகுகிறது, ஓட்டு எப்படிப் போடுவது, பிள்ளைக்கு ஏன் ஊசி போட வேண்டும் என்றெல்லாம் இலவசமாகப் படம் காட்டினார்கள். எங்கள் ஊரான காஜா பெராங்கில் நாங்கள் கொசுப் படத்தை மூன்று முறை பார்த்திருந்தோம். கொசு திரையில் வந்ததும் கைதட்டுவோம்.

அந்தப் படக்காரர்கள் எங்கள் வீடு தேடி வந்தது என் அத்தைக்காக. அப்பாவுக்கு ஒரே தங்கை. ஒன்றரை வருஷம் சிரம்பானில் பெரியப்பா வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். எனக்கும் தெருவுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவள் இருந்தது காசநோய் ஆஸ்பத்திரியில். எனக்கு இது தெரிய வெகுகாலம் ஆயிற்று, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்த அத்தையை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பேன் பார்ப்பாள், காதோரம் கதை சொல்வாள். இப்போது பக்கத்தில் போனாலே முந்தானையால் வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாய் தனி, தட்டு தனி. நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளை ஒன்று அவளுக்கென்று சமையலறை ஜன்னல் கட்டையில் இருக்கும். நான் அதைத் தொட்டால் அம்மா கையில் ஒன்று போடுவாள். சிரம்பானுக்குப் போய் வந்த திமிர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மாதம் ஒரு முறை அத்தையைப் பார்க்க ஒரு சிநேகிதி வருவாள். அவள் ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்பதும், வெள்ளை உடுப்பில் வராதீர்கள் என்று அப்பா கெஞ்சிக் கேட்டதால்தான் சேலையில் வந்தாள் என்பதும் எனக்கு எங்கே தெரியும். அந்த மிஸ்ஸிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை படக்காரரைக் கூட்டி வந்தாள். மெலிந்த தமிழர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். நோயை வீட்டுக்குள் ஒளித்து வைத்தே எத்தனையோ பேர் செத்துப்போகிறார்கள், அதை மாற்ற ஒரு படம் எடுக்கிறோம் என்றார். சுகமானவர்கள் பலரைக் கேட்டாயிற்றாம். முதுகைக் காட்டுகிறோம் என்றார்களே ஒழிய, முகத்தைக் காட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லையாம்.

அப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தை மாசம் மூவார்ல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க சார். இது தெரிஞ்சா யாருலா கட்டுவாங்க?" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நடிப்புன்னு சொல்லிக்கலாம் அண்ணே."

படக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் எடுப்பது நிஜப் படம், அதில் நடிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் முகம் காட்டும் ஒருத்தி கிடைத்ததே போதும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். நடிகையின் அண்ணன் மகள் என்ற முறையில் எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் அத்தையை நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் அம்மா வீட்டையே தலைகீழாக்கினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவிடம் கண்ணாடிக் கோப்பைகளும் பூப்போட்ட மேசை விரிப்பும் இரவல் வாங்கி, எனக்குத் தீபாவளிக் கவுனை மாட்டி முகத்தில் பவுடரை அப்பிவிட்டாள். பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம் என்பதால் செட்டி அம்மா பேசுவதெல்லாம் மலாய்தான், ஆனால் சாமி கும்பிடுவதில் எங்கள் எல்லாரையும் மிஞ்சிவிடுவாள். படக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் அம்மா என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தார்கள். என் பவுடரையும் துடைத்தார்கள். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் களேபரத்தில் அம்மா கையில் குவளை இருந்தது. யாருடையது என்று கேட்டார் படக்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றாள் அம்மா, கண் இமைக்காமல். அத்தை வந்து அதை வாங்கி ஜன்னல் கட்டையில் பழைய இடத்திலேயே வைத்தாள். "என்னோடதுதாங்க" என்றாள். உடனே கேமராவை அதற்கு நேராகத் திருப்பிவிட்டார்கள். ஒரு குவளைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பிறகு என் முறை. அத்தை கையில் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள், நான் ஓடினேன். கட்டிக்கொள்ளும் நேரத்தில் அவள் கை என் தோளைப் பிடித்து நிறுத்தியது, முகம் அந்தப் பக்கம் திரும்பியது. "செகாலி லாகி" என்றார் கேமராக்காரர், இன்னொரு தடவை என்று. இன்னொரு தடவையும் அதே கதை. ஏழு முறை ஓடினேன், ஏழு முறையும் அந்தக் கை என்னை முழ தூரத்தில் நிறுத்தியது. நான் அழுதுவிட்டேன். என்னை இவளுக்குப் பிடிக்காது, படத்துக்காகக்கூடப் பிடிக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அத்தையின் முகம் கோணிப்போயிற்று. மிஸ்ஸி அவளைத் தன் பக்கம் திருப்பினாள். "சளியில ஒண்ணுமில்லன்னு மூணு தடவை பாத்துச் சொல்லிட்டேன். நான் உங்கிட்ட பொய் சொல்வேனா? புள்ளையத் தூக்குலா" என்றாள்.

எட்டாவது முறை நான் ஓடவில்லை, கோபத்தில் நடந்துதான் போனேன். அத்தை பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னை அள்ளிக்கொண்டாள். என் கழுத்தெல்லாம் ஈரமாயிற்று. கேமராக்காரர் போதும் போதும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார், அவள் விடவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. ஒருவழியாக இவளுக்கு நடிக்க வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து வேன் வந்தது. திடலில் பாய் விரித்து இடம் பிடித்திருந்தோம். பள்ளிக்கூடம் முழுக்க நான் தம்பட்டம் அடித்திருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மெஷின் கடகடவென்று ஓட, படக்காரர் மைக்கில் தமிழிலும் இன்னொருவர் மலாயிலும் விளக்கம் சொன்னார்கள். எங்கள் தெரு வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள், அவரவர் கோழியை அடையாளம் காட்டினார்கள். திரை முழுக்க அந்தக் குவளை வந்து நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று புரியாமல் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பிறகு நான் வந்தேன். யாரும் கைதட்டவில்லை. கொசுவுக்குத் தட்டினவர்கள் எனக்குத் தட்டவில்லை.

படம் முடிந்ததும் படக்காரர் முன்பு ஒத்துக்கொண்டபடி, இதில் நடித்த பெண்ணுக்கு நன்றி என்று மைக்கில் சொன்னார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செட்டி அம்மா மெல்ல மலாயில் சொன்னது எனக்கும் கேட்டது. நடிப்புதானே, நிஜத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் யார் திரும்பி வந்தார்கள் என்றாள். அவளுடைய மகனை நாங்கள் பார்த்து நாளாகியிருந்தது. ஜொகூரில் வேலை என்று சொல்லியிருந்தாள்.

அத்தை எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் நடிக்கலங்க. எனக்கே வந்த நோய்தான். ஒண்ணரை வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்ப நல்லா இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மலாய்க்காரர் அதை மலாயில் சொன்னார். நான் கொதித்துப்போனேன். அவள் நடிக்கவில்லை என்றால் நான் மட்டும் என்ன நடித்தேன்? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போவது?

மறுநாள் பின்வாசல் வழியாகச் செட்டி அம்மா வந்தாள். ஜன்னல் கட்டைக் குவளையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள், பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர் வந்தார்கள், எல்லாரும் பின்வாசல் வழியாகத்தான். நடிகையைப் பார்க்க வருகிறார்கள் என்று நான் தலை சீவிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பேன். ஒருத்தரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அத்தை சேலை மாற்றிக்கொண்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள்.

மூவார்க்காரர்கள் தை மாதம் வரவில்லை. அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதுவானாலும் அம்மா மூலம்தான். அத்தை அண்ணே என்று கூப்பிட்டால் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். இரண்டு வாரம் வீடு வீடாக இல்லை. ராத்திரி அத்தை பாயை என் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு காலை அப்பா வேலைக்குக் கிளம்பி, அம்மா நீட்டிய காபியை வாங்காமல் நேராகச் சமையலறைக்கு வந்தார். ஜன்னல் கட்டையிலிருந்து அந்தக் குவளையை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "இதுல ஊத்தும்மா" என்றார். அத்தை ஊற்றும்போது பாதி காபி அடுப்பில் சிந்தியது.

அது படத்தில் வந்த குவளை, நசுங்கிவிடும், எல்லாரும் எடுக்கக்கூடாது என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா அடுப்புப் பக்கத்திலேயே நின்று அந்தக் காபியை ஒவ்வொரு வாயாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. காபி ரொம்பச் சூடு போல என்று நினைத்துக்கொண்டேன்.