நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

அன்பான விசுவாசிகளே, போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், என் அக்கா முழுச் சுகம் பெற்றாள் என்று உங்கள் முன் சாட்சி சொன்னேன். அது பொய். நடந்ததை இன்று சொல்கிறேன்.

1998 ஜனவரியில் செல்வி அக்காவுக்கு வாய்க்குள் புண் வந்தது. கஞ்சி கூட இறங்கவில்லை. பிறகு முதுகிலும் மார்பிலும் நீர்க் கொப்புளங்கள். உடைந்தால் தோல் உரிந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவில், குழாயடியில் தொற்றுநோய் என்று அவளை ஒதுக்கினார்கள். ஆஸ்பத்திரியில்தான் பெயர் தெரிந்தது: பெம்ஃபிகஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே சொந்தத் தோலைத் தாக்குமாம். யாருக்கும் ஒட்டாதாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஜெபித்தோம். இரண்டு மாதத்தில் புண்கள் ஆறின.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான்தான் படித்தேன். ஆனாலும், மாத்திரை தின்றுகொண்டே இருந்தால் அது என்ன சாட்சி என்று தோன்றியது.

"விசுவாசம் இருந்தா நிறுத்துக்கா" என்றேன். நிறுத்தினாள். அந்த ஞாயிறு எழுந்து நின்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள்.

மூன்று வாரம் கழித்து, அவள் ரவிக்கையைக் கழற்ற முடியாமல் அம்மா அழுதபோதுதான் தெரிந்தது. முதுகு முழுக்கப் புண். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஏன்க்கா சொல்லல?"

"நீதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியேடா. உன்னைப் பொய்யனாக்கச் சொல்றியா?"

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். "ஏனப்பா, நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"படிக்கத் தெரியும்தானே உனக்கு?"

புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது, இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

வார்டு வாசலில் முழங்கால் போட்டேன். அதுவரை அவளுக்காக ஜெபித்தபோதெல்லாம், நான் சபையில் எழுந்து நிற்பதும் சேர்ந்தே மனதில் ஓடும். அன்று ஓடவில்லை. ஆண்டவரே, ஊரே என்னைப் பொய்யன் என்று சொல்லட்டும், அக்காவைத் திருப்பிக் கொடும் என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. அக்கா கண் திறந்து, "காபி இருந்தா நல்லா ஆத்திக் குடு, சாட்சிக்காரா" என்றாள். ஓடிப்போய் வாங்கி வந்து ஆற்றிக் கொடுத்தேன்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தினமும் ஜெபித்துவிட்டு நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதையும் தந்தவர் ஆண்டவரே என்று நம்புகிறேன். அக்கா என்னை மன்னித்துவிட்டாள். என்னால்தான் இன்னும் என்னை மன்னிக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள், தருவார். ஆனால் உங்கள் சாட்சிக்காக உங்கள் வீட்டிலும் ஒருவர் புண்ணை மறைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குப் போனதும் முதலில் அவரிடம் கேளுங்கள்.